வேட்டையைச் சொன்னீர்கள், வலையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திமிங்கிலங்கள், டால்பின்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். வேட்டையைப் பற்றிய பகுதி சிறப்பு. வணிக வேட்டையை நிறுத்த 1982இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் முடிவெடுத்ததும், 1986இல் தடை நடைமுறைக்கு வந்ததும் தெளிவாகவே இருந்தன. ஆனால் அதோடு கட்டுரை முடிந்துவிட்டது. படிப்பவர் 'அப்பாடா, தப்பித்துவிட்டன' என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எனக்கு அதுதான் வருத்தம். இன்று இந்த விலங்குகள் அதிகம் சாவது மீன்பிடி வலைகளில், அதுவும் வேறு எதையோ பிடிக்கப் போட்ட வலைகளில். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

பாலூட்டிகள் என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறீர்கள். சரி, நுரையீரலால் மூச்சு விடும் ஒரு விலங்கு வலையில் மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். நமக்குத் தூக்கத்திலும் மூச்சு தானாக ஓடும். டால்பினுக்கு அப்படியில்லை. உச்சந்தலையில் இருக்கும் மூக்குத் துளை எப்போதும் இறுக மூடியிருக்கும். நீர்மட்டத்துக்கு வந்து, டால்பினே நினைத்து அதைத் திறந்து, காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை இழுத்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். இதற்காகவே மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது. எதிரொலியை வைத்து வழி அறியும் விலங்குதான். ஆனாலும் மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி விரிக்கும் செவுள் வலையின் மெல்லிய நைலான் நூலிலிருந்து திரும்பி வரும் ஒலி மிகவும் மங்கல். துடுப்போ வாலோ சிக்கிவிட்டால் மேலே வர வழியில்லை. ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கும். சிறிய இனங்களுக்குச் சில நிமிடங்கள்தான். பெரும்பாலும் மூக்கைத் திறக்காமலே மூச்சு முட்டிச் சாகின்றன.

கடற்பன்றி எனப்படும் போர்பாய்ஸ்களை 'டால்பின் போன்றவை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவை தனிக் குடும்பம். முகம் மழுங்கலாக இருக்கும், பற்கள் கூம்பாக இல்லாமல் தட்டையாக அகன்றிருக்கும். அந்தக் குடும்பத்தில் மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழ்வது வாக்கீட்டா. நீளம் ஒன்றரை மீட்டர்தான். 1997இல் சுமார் 570 இருந்தன. இப்போது பத்தைச் சுற்றித்தான். யாரும் அதை வேட்டையாடவில்லை. டோட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கொழுத்த விலை. அதற்காகத் திருட்டுத்தனமாகப் போடும் வலைகளில் இது சேர்ந்து மாட்டுகிறது. பிடித்து வைத்துக் காப்பாற்றலாமே என்று கேட்கலாம். 2017இல் அதையும் செய்து பார்த்தார்கள். பிடிபட்ட பெண் வாக்கீட்டா ஒன்று அதிர்ச்சி தாங்காமல் இறந்தது, முயற்சியைக் கைவிட்டார்கள். ஆக, தண்ணீரிலிருந்து வலையை எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. சீனாவின் யாங்சி ஆற்று டால்பினுக்கு அந்த வாய்ப்பும் போய்விட்டது. 2006இல் ஆறு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மீனவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. டால்பின் மாட்டினால் வலை கிழிந்து நஷ்டப்படுவதும் அவர்கள்தான். வலையில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைக் கட்டினால் சில கடற்பன்றி இனங்கள் விலகிப் போவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எல்லா இனத்துக்கும் அது பலிப்பதில்லை. கருவிக்கும் மாற்று வலைக்கும் ஆகும் செலவை மீனவர் தலையில் கட்டினால் எந்தத் திட்டமும் நடக்காது. அரசுகள்தான் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த இதழில் வலைகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். மீனவர்களிடமும் பேசி எழுதுங்கள். அப்படியே வாக்கீட்டாவின் படம் ஒன்றையும் பெரிதாகப் போடுங்கள். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கறுப்பு வளையத்தோடு இருக்கும் அந்த முகத்தை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி