கூடலூர், பந்தலூர் சிக்கிள் செல் நோயாளிகளுக்கு ஊட்டிக்கு ஏத்தாம கீழேயே வைத்தியம் கேட்டு மனு

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 9.
வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி.

பொருள்: சிக்கிள் செல் வலி வந்தா மொத வைத்தியம் கூடலூர், பந்தலூர்லயே கெடைக்கணும், மாத்திரை வீடு தேடி வரணும் - சம்பந்தமாக.

அய்யா வணக்கம்,

நான் பந்தலூர் பக்கம் ஜீப் ஓட்டுறேன். எஸ்டேட் லைன், பணியர் காலனி, காட்டுநாயக்கர் காலனின்னு பஸ் போகாத எடத்துக்கெல்லாம் ஜீப்புதான், அதனால ஆஸ்பத்திரிக்கு ஆள ஏத்திட்டு போறதும் நாங்கதான். இங்க பழங்குடி குடும்பங்கள்ல நெறைய பேருக்கு சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கு. 1952லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நீலகிரி பழங்குடி மக்கள் ரத்தத்துல இத கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, இந்தியாவுல மொத மொதல்ல பதிவான எடங்கள்ல நம்ம மாவட்டமும் ஒண்ணு. எழுபது வருசம் தாண்டியும் வலி வந்த புள்ளைய எங்க கொண்டு போறதுன்னு நடுராத்திரி ரோட்ல நின்னு யோசிக்கிற நெலம மாறல.

உங்களுக்கு தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன், இந்த நோய்ல ஒடம்புல ஆக்சிஜன் கொறஞ்சா ரத்த அணு அரிவா மாதிரி வளைஞ்சு ரத்தக் குழாய்ல அடைச்சுக்கும், அப்ப கை கால் முட்டி நெஞ்செல்லாம் தாங்க முடியாத வலி வரும். குளிரு, தண்ணி கொறையிறது, காய்ச்சல் எல்லாம் இத கெளப்பி விடும், ஒசரமான எடமும் ஆகாது. இப்ப பாருங்க, கூடலூர் சுமார் 1,000 மீட்டர் ஒசரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. வலியில துடிக்கிற புள்ளைய "மேல கொண்டு போங்க"ன்னு சீட்டு எழுதி குடுத்தா, அது 50 கிலோமீட்டர் மலை ஏறி, நடுவட்டம் பனியில, எந்த குளிரும் எந்த ஒசரமும் ஆகாதுன்னு சொல்றாங்களோ அதுக்குள்ளயே கொண்டு போறது. பந்தலூர், சேரம்பாடி பக்கம்னா இன்னும் தூரம். ராத்திரி யானை ரோட்ல நின்னா அது நகர்ற வரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கணும்.

ஒரு பணியர் பையன அப்படித்தான் ஏத்திட்டு போனேன். கீழ ஒரு ஆஸ்பத்திரியில வலி ஊசி போடவே யோசிச்சாங்க, அடிக்கடி வந்து ஊசி கேக்குறான்னு அங்க இருந்த ஒருத்தர் அவன் காதுபடவே சொன்னாரு. பின்னாடி சீட்ல அவன் அம்மா மடியில முட்டிய மடக்கவும் முடியாம நீட்டவும் முடியாம கெடந்தான், நடுவட்டம் வளைவு ஒவ்வொண்ணுக்கும் வண்டி சாயறப்ப பல்ல கடிச்சான், சத்தம் போடல. அந்த அம்மா அவங்க சேலைய அவன் கால்ல சுத்திக்கிட்டே வந்தாங்க. அந்த புள்ள நடிச்சான்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வருது அய்யா.

வலி வந்த மொத ஒரு மணி நேரத்துல வேண்டியது டிரிப், வலிக்கு சரியான மருந்து, ஆக்சிஜன் அளவு பாக்குற கருவி, தேவைப்பட்டா ஆக்சிஜன், கதகதப்பான ஒரு கட்டில். இதுக்கு கூடலூர், பந்தலூர் அரசு ஆஸ்பத்திரியே போதும். ராத்திரியும் இது கெடைக்கணும், டூட்டியில இருக்குற டாக்டருக்கும் நர்ஸுக்கும் இந்த வலிக்குன்னே தனியா பயிற்சி குடுங்க. நெஞ்சுவலி, பக்கவாதம்னு பெருசா ஆச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு போய்த்தான் ஆகணும், 2025 ஏப்ரல்ல ஊட்டியில 700 படுக்கையோட தெறந்தது எங்களுக்கும் சந்தோசம்தான், ஆனா அப்படி அனுப்புறப்ப 108லயே டிரிப்பும் ஆக்சிஜனும் ஓடிக்கிட்டே போகணும், என் ஜீப்ல இல்ல.

அடுத்து மாத்திரை. ஹைட்ராக்ஸியூரியா ஒழுங்கா சாப்பிட்டா வலி வர்றது நல்லா கொறையுது, ஆனா அத வாங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு டவுனுக்கு வரணும்னா தீந்ததுக்கப்பறம் விட்டுடுறாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருதே, அதே பையில இதையும் வைங்க. இந்த மாத்திரைக்கு அப்பப்ப ரத்த அணு எண்ணிக்கை பாக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க, அதுக்கான மெஷின் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கணும். சின்ன புள்ளைங்களுக்கு 500 மில்லிகிராம் கேப்சூல பிரிச்சு பவுடர பங்கு போட்டு குடுக்குற வேலைய வீட்ல இருக்குற அம்மா செய்யக்கூடாது, அளவு தப்பும், அது கையில படவும் கூடாத மருந்து. புள்ளைங்களுக்குன்னு சிரப்பா வாங்கி குடுங்க. அமெரிக்காவுல 2023 டிசம்பர்ல இதுக்கு ஜீன் வைத்தியத்துக்கே அனுமதி குடுத்துட்டாங்க, அது எங்க காலனிக்கு எப்ப வருமோ, ஆனா ஒரு சிரப் இந்த வருசமே வரலாம்.

மத்திய அரசு 2023 ஜூலை 1ல தொடங்குன திட்டத்துல 2047க்குள்ள இந்த நோயையே ஒழிக்கணும்னு சொல்லியிருக்காங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்துல சில நிமிசத்துல பாக்குற கிட் வந்திருச்சு, கேம்ப் வர்ற நாளுக்கு காத்திருக்காம பொறந்த புள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் எப்ப வந்தாலும் பாக்குற மாதிரி எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் வைங்க. ஆனா டெஸ்ட் எடுத்து கார்டு குடுக்குறதோட நிறுத்தாதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியரா, அதாவது தனக்கு நோய் இல்லாம அதோட ஜீன மட்டும் சுமக்குறவங்களா இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு புள்ளைக்கு நோய் வர வாய்ப்பு, இத பணியர் பாஷையில அவங்க ஆளே உக்காந்து சொன்னாத்தான் புரியும். இப்ப என்ன நடக்குதுன்னா கல்யாணம் நின்னுடும்னு பொண்ணுங்க கார்ட மறைச்சு வெச்சுக்குறாங்க. படிச்ச பழங்குடி பொண்ணுங்க பையங்க இங்க வேல இல்லாம இருக்காங்க, இந்த வேலைக்கு அவங்கள சம்பளத்தோட எடுங்க.

மழை காலமும் அடுத்து வர்ற பனி காலமும்தான் எங்களுக்கு கஷ்டமான மாசங்க. அதுக்கு முன்னாடி கூடலூர், பந்தலூர் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வைத்தியத்துக்கும் மருந்து இருப்புக்கும் உத்தரவு போட்டு, அந்த உத்தரவு நகல எங்க பஞ்சாயத்து போர்டுகள்லயும் ஒட்ட சொல்லணும்னு பணிவோட கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
பந்தலூர் பகுதி ஜீப் டிரைவர்,
கூட கையெழுத்து போட்ட காலனி மக்கள்