கியோட்டோவில் எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

என் மனைவி நலமாக வீடு திரும்பிவிட்டார். நடந்தவை உங்கள் எல்லாருக்கும் தெரியுமாதலால் அவற்றை மீண்டும் எழுதவில்லை. முறைவைத்துச் சமைத்து அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள், மருத்துவர் கூறியவற்றை எங்களுக்குப் புரியவைத்த ஆய்வக நண்பர்கள், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்கள், ஊரிலிருந்து ஓயாமல் அழைத்துத் தேற்றிய உறவினர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் இருவருடைய வணக்கமும் நன்றியும் உரியன.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். ஜெபமாலை செய்வதையே தொழிலாகக் கொண்ட முதியவர் அவர்.

எங்கள் வீட்டுக்கார அம்மையார் ஜூஸு எனப்படும் தமது ஜெபமாலையை மனைவியின் கையில் கொடுத்திருந்தார். அமிதாப புத்தரைத் தொழும் ஜோதோ மரபினருக்கே உரிய, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த இரு வளையங்களைக் கொண்ட மரமணி மாலை அது. அறுவை சிகிச்சைக்கு முந்திய அந்தியில் அதன் கயிறு அறுந்து மணிகள் அறையெங்கும் சிதறின. அந்த நேரத்தில் மாலை அறுந்தால் நம்மவர் மனம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவி வாய்விட்டு அழுதார். பொறுக்கிய மணிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அம்மையார் சொன்ன பட்டறைக்கு விரைந்தேன்.

பெரியவர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். ஆயினும் மறுபடி விளக்கேற்றி, மணிகளைத் துணியில் பரப்பி எண்ணினார், ஒன்று குறைந்தது. நான் சொன்னதைக் கேட்டபின், மாலை அறுந்தால் தீய பிணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் இங்கே கொள்வார்கள் என்று நிதானமாகக் கூறினார். பிறகு பிளம் மரத்தில் தாமே கடைந்த மணி ஒன்றை இழுப்பறையிலிருந்து தேர்ந்தெடுத்து, துளையைச் சீராக்கி, தாய்மணி எனப்படும் தலைமை மணியையும் குஞ்சத்தையும் பழையபடியே வைத்து, எல்லாவற்றையும் புதுப் பட்டுக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். புதுமணி மட்டும் வெளிறித் தெரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை படப்பட மரத்துக்கு நிறம் ஏறும், அதற்கு உங்கள் மனைவி இதை நெடுங்காலம் உருட்ட வேண்டும் என்றார் அவர். அன்றிரவு எங்கள் இருவரையும் தாங்கியது அந்தச் சொல்தான். கூலியாக ஒரு யென்கூட அவர் வாங்கவில்லை.

1331இல் கியோட்டோவில் கொள்ளைநோய் பரவியபோது, பேரரசர் கோ-தாய்கோவின் ஆணைப்படி இதே ஜோதோ மரபின் சியோன்ஜி கோயிலின் தலைமைத் துறவி ஏழு நாட்களில் பத்து லட்சம் முறை அமிதாபரின் திருநாமத்தை ஓதினார் என்றும், நோய் தணிந்தது என்றும் அக்கோயிலின் வரலாறு கூறுகிறது. இன்றும் மாதந்தோறும் 15ஆம் தேதி அங்கே 1,080 மணிகள் கொண்ட பெருமாலையைச் சுற்றி அமர்ந்து, "நமு அமிதா புட்சு" என்று ஓதியபடியே அதைக் கைக்குக் கை நகர்த்துகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் அதை நான் வேடிக்கை பார்த்ததுண்டு. ஒருவர் எண்ணித் தீராததை எல்லாரும் சேர்ந்து எண்ணுவது எவ்வளவு பெரிய உதவி என்பதை உங்கள் நடுவில் இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

நாங்கள் பிறப்பால் பௌத்தர் அல்லர். எனினும் இந்த ஊரில் இருக்கும்வரை, ஒவ்வொரு 15ஆம் தேதியும் அந்த வட்டத்தில் அமர்ந்து, மருத்துவமனைகளில் படுத்திருப்போருக்காக மாலை நகர்த்துவதென்று இருவரும் உறுதி பூண்டிருக்கிறோம். வர விரும்புவோர் சொல்லியனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.

நன்றியுடன்,
உங்கள் அன்பில் மீண்ட ஒரு குடும்பம்