வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், மாமாவுக்கும், பக்கத்து வீட்டாருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி யாரும் தள்ளாமல் வாசலைத் தாண்டியது. உங்களில் பாதிப் பேர் அதை நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் தூக்கத்தில் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒன்பது வருடம் அசையாமல் துருப்பிடித்து நின்ற மாமாவின் பழைய கார். அதன்பின் பழுதுபார்க்கும் வேலையில் இரண்டு வருடம் நம்முடைய வார இறுதிகளைத் தின்ற வண்டி.

கையில் ஸ்பேனரோடு வந்து நின்றவர்களுக்கெல்லாம் அப்போதைக்கப்போது நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வண்டியையும் சில நேரம் என்னையும் காப்பாற்றியது, "வேண்டாம், நிறுத்து" என்று சொன்னவர்கள்தான். அவர்களிடம் நான் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்த மடலைப் பாதி நன்றியாகவும் பாதி மன்னிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெல்டிங் அண்ணன். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடும் பெட்டித் தகடு நினைவிருக்கிறதா? பார்வைக்குப் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. சுரண்டினால் கட்டி கட்டியாகப் பட்டி, அதற்குள் மடித்துத் திணித்த செய்தித்தாள். எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டையைக் காகிதத்தால் அடைத்து, மேலே பட்டி பூசி, வண்ணமும் அடித்திருக்கிறார். காகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, துரு உள்ளேயிருந்தே சாவகாசமாகச் சாப்பிட்டிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் கிரைண்டரை எடுத்து மொத்தப் பெட்டியையும் அறுக்கப் போனேன். அண்ணன் என் கையிலிருந்து கிரைண்டரை வாங்கித் தரையில் வைத்தார். "இதை அறுத்தா வண்டியோட இடுப்பு எது?" என்று கேட்டார்.

அந்த மாதிரி வண்டிகளில் அடியில் தாங்கத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். அந்தப் பெட்டியை வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும், தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அதன்பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் ஒழுங்காகச் சாத்தாது. அவர் சொன்னபடி கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்து, அளவெடுத்து, கதவை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்த பிறகுதான் அறுத்தோம். மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் நான் அவரை மனதுக்குள் திட்டினேன் அண்ணே, மன்னிச்சிடுங்க. இப்போது கதவு ஒற்றை விரலுக்குச் சாத்துகிறது.

ஒரு மில்லிமீட்டர் தகட்டை ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் அப்பளமாய் நெளியும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு இடையில் இன்னொரு பொட்டு. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் ஒயரைத் தொடவே விடமாட்டார். பெட்ரோல் டேங்கில் ஊசித்துளை இருக்கிறது, காலி டேங்க்தானே, ஒரு பொட்டு வைத்துக்கொடுங்கள் என்று நான் கேட்ட நாளில் அவருக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும் என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரே வந்தார். ஓட்டையில்லாத வேறொரு டேங்கைத் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்த நண்பனுக்கும் இங்கேயே ஒரு கும்பிடு.

என்ஜினுக்கு வருவோம். ஒன்பது வருடத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. புது பேட்டரியைப் போட்டு ஸ்டார்ட்டரை ஒரு அடி அடித்தால் கழன்றுவிடும் என்பது என் கணக்கு. பணி ஓய்வு பெற்ற மெக்கானிக் ஐயா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, "வேண்டாம் தம்பி" என்றார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றச் சொன்னார். ஒரு வாரம் ஆனது, அசையவில்லை. "இன்னொரு வாரம்" என்றார். பன்னிரண்டாம் நாள் நீளக் கைப்பிடியை வைத்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டியபோது, ஒரு நூல் அளவுதான், நகர்ந்தது. அப்போது ஐயா எழுந்து நின்றார். அதை நான் மறக்கமாட்டேன். பிளக்கை மாட்டாமல்தான் முதலில் சுற்ற வேண்டும், எண்ணெய் உள்ளே நின்றுவிட்டால் அது அமுங்கிக் கொடுக்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று எச்சரித்ததும் அவர்தான். சுற்றியபோது பிளக் ஓட்டைகளிலிருந்து பீய்ச்சிய எண்ணெய் சுவரில் போட்ட கோலம் இன்னும் இருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

வேதியியல் ஆசிரியை அக்காவுக்குத் தனி நன்றி. சின்னச் சின்னத் துருப்பிடித்த பாகங்களுக்கு பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடாக் கரைசலும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்பகுப்பு செய்யலாம், அதாவது மின்சாரம் விட்டுத் துருவை நீக்கலாம் என்று படித்துவிட்டு, நேர்முனைக்கு அழகான எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். துருப்பிடிக்காதே, அடிக்கடி மாற்ற வேண்டாமே என்ற புத்திசாலித்தனம். அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டார். அதில் உள்ள குரோமியம் கரைந்து நஞ்சாகத் தண்ணீரில் இறங்குமாம். சாதாரண இரும்புக் கம்பி போதும். துருப்பிடித்த சாமான் எப்போதும் எதிர்முனையில். கிளம்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் உண்டு, அதனால் மூடிய அறைக்குள் வைக்காதே, பக்கத்தில் நெருப்புப் பொறி கூடாது. ஸ்பிரிங்கையும் கடினமாக்கிய போல்ட்டுகளையும் தொட்டியில் போடாதே, ஹைட்ரஜன் ஏறினால் அவை முறுகிப்போய்ச் சட்டென்று உடையும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை தொட்டியில் சேறு மாதிரி கறுப்பாக மிதந்ததைப் பார்க்க முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

பெயின்டர் தம்பி சொன்ன "வேண்டாம்" ஒன்றைத்தான் நான் கேட்கவில்லை. சாம்பல் நிற பிரைமர் அடித்த மட்கார்டை வெளியே வைக்காதீங்க, அந்த வகை பிரைமர் தண்ணீரைத் தடுக்காது, உறிஞ்சும் என்று படித்துப் படித்துச் சொன்னான். இரண்டு நாள்தானே என்று வைத்தேன். மழை வந்தது. நாலாம் நாள் மிளகுத்தூள் தூவிய மாதிரி அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் தானும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அடுத்த முறை தண்ணீரைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் போட்டோம். தம்பி, நீ திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

என்ஜின் முதலில் உறுமிய அன்று தெரு முழுக்க ஒரு சுற்றுப் போகலாம் என்று குதித்தவன் நான். சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டது மச்சான். "ஓட வச்சாச்சு சரி, நிக்க வச்சியா?" பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், ஒன்பது வருடம் இழுத்த ஈரம் குழாய்களை உள்ளேயிருந்து அரித்திருக்கும் என்றான். பின்பக்கக் குழாயைக் கழற்றியபோது அது என் கையிலேயே உடைந்தது. அதற்குமேல் வாதம் எதுவும் இல்லை. குழாய், ஹோஸ், சிலிண்டர் எல்லாமே புதுசு.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே என்று தினமும் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்த என் மனைவிக்கும், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டிய மகளுக்கும் நன்றி. (ஒரு பையில் "அப்பா எங்கேன்னு சொல்லல" என்று எழுதியிருந்தது. அதில் இருந்த நாலு திருகுகள் எங்கே போக வேண்டும் என்று இன்றுவரை தெரியாது. வண்டி ஓடுகிறது.) கிரைண்டர் சத்தத்தை இரண்டு வருடம் பொறுத்த பக்கத்து வீட்டாருக்கு நன்றி சொன்னால் போதாது, இனி ஞாயிறு மதியம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று உறுதி தருகிறேன்.

மாமா, உங்களைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் வண்டி இது. நிறுத்தி வைத்த நாளில் பாசத்தோடு பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினீர்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றதும், கதவடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருந்த சின்ன ஓட்டைகள் மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்துப்போனதும் பாதித் துருவுக்குக் காரணம். இதை உங்களிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை, எழுத்தில் சொல்லிவிட்டேன். "எடைக்குப் போட்டுடுங்க மாப்பிள்ளை, வேண்டாம்" என்று சொன்ன முதல் ஆளும் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் உட்கார்ந்து, ஹாரன் சத்தம் பழைய மாதிரி இல்லை என்று குறை சொன்னீர்கள். பழைய ஹாரனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரவல் சாமான்கள் விஷயம். வண்டியைத் தாங்கிய ஸ்டாண்டுகள் நாலும், கிரைண்டரும், நீளக் கைப்பிடியும் துடைத்து எண்ணெய் போட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். நட்டுகளை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சை மட்டும் இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம், 14-ஆம் எண் ரிங் ஸ்பேனர் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம்.

என்றும் நன்றியுடன்,
வண்டிக்கு அடியில் இருந்து எழுந்து வந்தவன்