மதுரை எரிந்த பிறகு

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சுகம் விசாரித்த இரண்டு வரிகளைத் தள்ளிவிட்டால் மிச்சம் முழுவதும், ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல் தொடரை எழுதிக்கொண்டிருக்கும் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் மீதுள்ள கோபம்தான். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. ஒரு கதைக்காக இவ்வளவு மனம் கொதிக்கிற ஆள் எனக்கு உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஊர்ப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலபோக அறுவடை முடிந்துவிட்டது. விளைச்சலில் குறையில்லை, விலைதான் வழமைபோல அறுவடை நேரம் பார்த்து இறங்கிவிட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நன்றாக நிற்பதால் சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் நோவு குறைந்து, கோயிலுக்கு நடந்து போகிறார். என் தங்கையின் மகள் பல்கலைக்கழக விடுமுறையில் வந்து நிற்கிறாள். அவளும் இப்போது நம்முடைய கட்சிதான். ஐந்து பாகங்களையும் கைத்தொலைபேசியிலேயே வாசித்து முடித்துவிட்டாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி உன் வழக்கு.

ஐந்தாம் பாகத்தைத் திரும்ப வாசித்தும் முதல் முறை வந்த அதே ஏமாற்றம்தான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். நியாயத்தைச் சொன்னால், அந்த ஏமாற்றத்துக்கு வித்திட்டவர் மார்ட்டினேதான். 2005இல் நான்காம் பாகம் வந்தபோது கதாபாத்திரங்களில் பாதிப்பேரின் கதைதான் அதில் இருந்தது. மிச்சம் அடுத்த வருடமே வந்துவிடும் என்று தாம் நம்புவதாகப் புத்தகத்தின் கடைசியில் குறிப்பும் எழுதினார். ஐந்தாம் பாகமான ‘ஏ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ வந்தது 2011 ஜூலை 12ஆம் திகதி. ஆறு வருடக் காத்திருப்பு, ஆயிரம் பக்கம். அதை வாசித்து முடித்தவர்கள் உலகம் முழுவதும் சொன்ன குறைகளை நீயும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாய். நாடு விட்டு ஓடிவந்த டிரியன் ஆறும் கடலும் கடந்து வந்தும், டிராகன்களை வைத்திருக்கும் அரசி டெனேரிஸுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. டெனேரிஸ் கடைசிப் பகுதி வரை, தான் பிடித்த மீரீன் நகரத்தை விட்டு அசையவில்லை. குவென்டின் என்ற இளவரசன் அவ்வளவு தூரம் வந்ததெல்லாம் டிராகன் நெருப்பில் கருகிச் சாவதற்குத்தான். வடக்கே விண்டர்ஃபெல் கோட்டையிலும் மீரீனிலும் மூளவிருந்த இரண்டு போர்களும் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டன. வடக்கு மதிலைக் காக்கும் படையின் தலைவன் ஜோன் ஸ்னோவை அவனுடைய படைச் சகோதரர்களே குத்திச் சாய்த்த இடத்தில் அவன் கதை நிற்கிறது.

போர்கள் தள்ளிப்போனது பெரிய குறை. அதில் நான் உன் பக்கம். ஒரு பாகத்தைக் கையில் எடுத்தவனுக்கு அந்தப் பாகத்துக்குள்ளேயே ஏதாவது ஒன்றாவது தீர வேண்டும். முற்றுகை இறுகிக்கொண்டே போகிறது, பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது, பிறகு பக்கம் தீர்ந்துவிடுகிறது. குவென்டின் விடயத்திலும் உன்னோடு நான் அதிகம் வாதாட மாட்டேன்.

ஆனால் மீரீன் பகுதி வெறும் சலிப்பு என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நான்காம் பாகத்தை எனக்குக் கொண்டுவந்து தந்தவனே நீதான், சமாதான காலத்தில், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்படுவதற்கு முன். ஐந்தாம் பாகம் இன்னும் வரவில்லையே என்று உலகத்து வாசகர்கள் பொருமிக்கொண்டிருந்த வருடங்களில் நாங்கள் இங்கே எங்கே, எப்படி இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் இடம்பெயர்வில் போய்விட்டது. ஐந்தாம் பாகத்தை நான் வாசித்தது மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில். அதனால்தான் உனக்கு அது அப்படித் தெரிந்தது என்பாய். அதனால்தான், மச்சான். அப்படி வாசிப்பதும் ஒரு வாசிப்புத்தான். அந்தப் புத்தகம் அதைத் தாங்கி நிற்கிறது.

மீரீனில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார். போரில் வென்ற ஒருத்தி ஒரு நகரத்தை ஆள முயல்கிறாள். ஒரு தகப்பன் தன் சின்ன மகளின் கருகிய எலும்புகளைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைக்கிறான். எரித்தது அவளுடைய டிராகன். அவள் தன் மூன்று டிராகன்களில் இரண்டைச் சங்கிலியிட்டு நிலவறையில் அடைக்கிறாள்; குற்றம் செய்த மூன்றாவது பிடிபடவில்லை. மிகைபுனைவுக் கதைகளில் டிராகன் என்றால் வாசகன் கைதட்டுவதற்கு வருவது. இங்கே ஒரு குழந்தையின் சாவுக்கு அந்த டிராகன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்து, அழிந்துபோன அஸ்டபோர் நகரத்திலிருந்து வயிற்றோட்டத்துடன் வந்த சனம் மதிலுக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே விட்டால் நகரத்துக்கும் நோய் பரவும். விடாவிட்டால் அவர்கள் சாவார்கள். டெனேரிஸ் அவர்களை உள்ளே விடவில்லை. ஆனால் எல்லோரும் தடுத்தும் தானே வெளியே போய்ச் சாப்பாடு கொடுக்கிறாள், நோயாளிகளைக் கழுவிவிடுகிறாள். செட்டிகுளம் அகதி முகாமில் குழாயடி வரிசையில் நின்ற எனக்கு அந்த அத்தியாயம் எப்படிச் சலிக்கும்? கதை நகரவில்லை என்று நீ சொல்லும் பக்கங்களில்தான் நான் மூச்சுவிடாமல் வாசித்தேன்.

ஜோன் ஸ்னோவின் அத்தியாயங்களும் இப்படித்தான். களஞ்சியத்தை ஒவ்வொரு அறையாகத் திறந்து, எவ்வளவு தானியம், எவ்வளவு இறைச்சி, மதிலுக்கு அப்பாலிருந்து வரும் எதிரிச் சனத்தையும் சேர்த்துக்கொண்டால் இது எத்தனை நாளைக்குக் காணும் என்று கணக்குப் பார்க்கிற பகுதியைப் பலர் தாண்டிப் போனதாகச் சொல்கிறார்கள். அவனைக் குத்திய கத்திகள் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. பகைவனின் பிள்ளைக்கும் சோறு போட வேண்டும் என்று ஒருவன் சொன்னதை அவனுடைய ஆட்களாலேயே தாங்க முடியவில்லை. குத்து எதிர்பாராதது என்று எல்லோரும் சொன்னார்கள். திரும்ப வாசிக்கும்போது அது ஒவ்வொரு பக்கத்திலும் வந்துகொண்டே இருக்கிறது.

தியோனைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. குறை சொன்னவர்களிலேயே பெரும்பாலோர் அவனைப் பாராட்டினார்களே! சித்திரவதையில் பெயரையும் பறிகொடுத்தவனாக அவன் வருகிறான். அவனை வதைத்தவன் வைத்த பெயர்தான் அத்தியாயத்துக்கும் தலைப்பு. தலைப்பு ஒவ்வொன்றாக மாறி மாறிக் கடைசியில்தான் ‘தியோன்’ என்று வருகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வளவுக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன்.

மார்ட்டின் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்து, அதற்கு ஈடாகச் சமூக சேவை செய்தவர். இந்த நான்காம், ஐந்தாம் பாகங்கள் அந்த மனிதர் எழுதியவை என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. முதல் மூன்று பாகங்களில் போரைக் காட்டினார். வாசகர்கள் அதே வேகத்தில் அடுத்த போரைக் கேட்டார்கள். அவர் போர் மிதித்துவிட்டுப் போன ஊர்களைக் காட்டினார். காத்திருந்தவர்கள் கேட்டதும் வந்ததும் வேறு வேறாக இருந்தன. கோபத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

நம்முடைய ஆட்களுக்கு இது புதிதா? முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடுவார்கள். மதுரை எரியும் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் எரித்த பிறகு கண்ணகி எங்கே போனாள் என்ற கேள்வியை நம்முடைய சனம் விடவில்லை. அவள் நந்திக்கடலோரம் வந்து, மாடு மேய்த்த பிள்ளைகளிடம் பசியாறக் கேட்டாள், அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் கடல் தண்ணீரில் திரி எரிந்தது என்று ஒரு கதையைச் சேர்த்து, அதற்கு வற்றாப்பளையில் கோயிலும் கட்டி, இன்றும் வைகாசியில் உப்புநீர் விளக்கு ஏற்றுகிறார்கள். நகரத்தையே எரித்த ஒருத்தியின் கோபம் ஆறுவதற்கு ஒரு கதை வேண்டும் என்று தெரிந்த சனம் நாங்கள். டெனேரிஸ் மீரீனில் இருந்தது போதாது, எழும்பிப் போய் அடுத்த நகரத்தை எரிக்கட்டும் என்று நீ எப்படிக் கேட்கலாம்?

தங்கையின் மகளான என் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? அவளுக்கும் முதலில் கோபம்தான், ஜோனைக் குத்தியதற்காக. ஆனால் மீரீனைப் பற்றிக் கேட்டபோது, “அவள் வெளிக்கிட்டுப் போனால் அந்தச் சனத்துக்கு யார் இருக்கிறார்கள், மாமா?” என்றாள். முகாமில் சின்னப்பிள்ளையாக இருந்தவள். அந்த நாட்கள் எதுவும் நினைவில் இல்லை என்றுதான் சொல்வாள்.

ஒன்று உனக்குப் பயன்படலாம். நான்காம், ஐந்தாம் பாகங்களின் பெரும்பகுதி ஒரே காலத்தில் நடப்பதால், இரண்டின் அத்தியாயங்களையும் காலவரிசையில் கலந்து ஒரே புத்தகமாக வாசிக்கும் ஒழுங்கை வாசகர்களே உருவாக்கியிருக்கிறார்கள். மருமகள் அப்படித்தான் வாசித்தாள். நான்காம் பாகத்தில் வரும் அரசி செர்சியின் ஆட்சியும் டெனேரிஸின் ஆட்சியும் அடுத்தடுத்து வரும்போது இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. குறை சொல்லிக்கொண்டே இவ்வளவு உழைத்த வாசகர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

எழுத்தாளர் வாசகனுக்குக் கடமைப்பட்டவர் என்ற உன் வாதத்துக்கு வருகிறேன். 2009இல் எழுத்தாளர் நீல் கெய்மன் இதற்குப் பதில் எழுதினார். ஒரு பாகத்தை வாங்கியதால் எழுத்தாளரை வேலைக்கு அமர்த்திவிட்டதாக ஆகாது என்பது அதன் சாரம். அது சரி. ஆனாலும் வாசகனின் ஏக்கத்தைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. கல்கி 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடரை முடித்தபோது, அவர்கள் என்ன ஆனார்கள், இவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் எழுதிக் கேட்டதற்காகவே ஒரு முடிவுரை எழுதினார். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மார்ட்டினும் 2016 தொடக்கத்தில், ஆறாம் பாகத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. இன்னொரு மிகைபுனைவு எழுத்தாளர் ரொபர்ட் ஜோர்டான் 2007இல் தன் தொடரை முடிக்காமலே இறந்தார். அவருடைய மனைவி தெரிவுசெய்த பிரண்டன் சாண்டர்சன் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 2013இல் கடைசிப் பாகத்தைக் கொண்டுவந்தார். அது நல்ல முடிவாகவே அமைந்தது. ஆனால் மீரீனின் மதிலுக்கு வெளியே கிடந்த சனத்தை மார்ட்டின் எழுதியதுபோல இன்னொருவர் எழுதுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தொலைக்காட்சித் தொடர்தான் முடித்துவிட்டதே என்று சொல்லாதே. 2019இல் கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சம் பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். அங்கே மீரீன் அவ்வளவு விரைவாகக் கடந்துபோனதால்தான் கடைசியில் டெனேரிஸ் ஒரு நகரத்தை எரித்தபோது யாருக்கும் அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம். நீ சலிப்பு என்று சொன்ன பக்கங்கள் அந்த முடிவுக்குத் தேவையாக இருந்தன.

அடுத்த கடிதத்தில் இரண்டு விடயங்களை எழுது. தியோனின் அத்தியாயங்களை மட்டும் தனியாக ஒருமுறை வாசித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல். நான்காம் பாகத்தில் பிரியேன் என்ற பெண் வீரர் போரில் சிதைந்த ஊர்களூடாக நடக்கும்போது, போரில் உடைந்துபோன மனிதர்களைப் பற்றி ஒரு துறவி பேசுவாரே, அதையும் வாசித்துவிட்டு எழுது. என் பிரதி தொலைந்த பிறகு அந்தப் பேச்சை நான் அச்சில் பார்க்கவில்லை. வைகாசியில் நீ வருவதாக அம்மா சொன்னார். வரும்போது அந்தப் பாகத்தில் இரண்டு பிரதிகள் கொண்டுவா. மருமகள் தனக்கும் ஒன்று வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் நண்பன்