செவென் மலைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பியதை அம்மாவும் நானும் படித்தோம். கல்யாணத்துக்கு ஆகஸ்ட் 24 தோதாக இருக்கும் என்று நீங்கள் இருவரும் சொன்னதும், மாப்பிள்ளையின் பாட்டி "அந்த நாள் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். நீ கத்தோலிக்கப் பெண் என்பதால் அவருக்குப் பிடிக்கவில்லையோ என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிப் பேச்சில் வேறு எங்கேயோ போய்விடுவோம் என்றுதான் எழுதுகிறேன். அடுத்த மாதம் தென் பிரான்ஸின் செவென் மலையில் அந்த வீட்டில் தங்கப்போகிறாய். அதற்குள் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24 நமக்குப் புனித பர்த்தலோமேயு திருநாள். புராட்டஸ்டன்டுகளான அந்தக் குடும்பத்துக்கு அது 1572ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி பாரிஸில் ஒரு அரச கல்யாணம். மணப்பெண் மார்கரீட், மன்னன் ஒன்பதாம் சார்லஸின் தங்கை, கத்தோலிக்கர். மாப்பிள்ளை நவார் நாட்டு ஹென்றி, புராட்டஸ்டன்ட். பத்து வருஷமாக இரண்டு பக்கமும் வெட்டி மாய்ந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சம்பந்தத்தால் பகை ஓயும் என்று ராஜமாதா கேத்தரின் டி மெடிசி கணக்குப் போட்டார். நோத்ர தாம் பேராலயத்துக்கு வெளியே மேடை போட்டுத் தாலிச்சடங்குபோல முக்கியமானதை அங்கே முடித்தார்கள். உள்ளே நடந்த பூசைக்கு மாப்பிள்ளை போகவில்லை. கல்யாணத்துக்கென்று நாட்டின் பெரிய புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிரபுக்கள் அத்தனை பேரும் பாரிஸுக்கு வந்திருந்தார்கள்.

22ஆம் தேதி அவர்களுடைய தலைவரான கடற்படைத் தளபதி கொலிஞியை ஒருவன் ஜன்னலிலிருந்து சுட்டான். காயத்தோடு தப்பினார். இனி அவர்கள் பழிவாங்க எழுவார்கள் என்ற பயம் அரண்மனையைப் பிடித்தது. தலைவர்களை முந்திக்கொண்டு தீர்த்துவிடுவது என்று அங்கே முடிவானது. 24ஆம் தேதி விடிவதற்கு முன் லூவ்ர் அரண்மனைக்கு எதிரே இருக்கும் சேன் ஜெர்மேன் லொக்ஸருவா கோயில் மணி அடித்தது. அந்தக் கோயிலை நீ பலமுறை கடந்து போயிருப்பாய். கொலிஞியைப் படுக்கையறையிலேயே குத்தி ஜன்னல் வழியே கீழே எறிந்தார்கள்.

அது அரண்மனையோடு நின்றிருந்தால் வரலாற்றில் ஒரு அரசியல் கொலை. நிற்கவில்லை. கையில் வெள்ளைத் துணியும் தொப்பியில் வெள்ளைச் சிலுவையுமாக ஊர்க்காரர்களே இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரன், கடைக்காரன், ஊர்க்காவல்படை. பல நாள் நடந்தது. பாரிஸில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. உடல்களை சேன் ஆற்றில் போட்டார்கள். பிறகு ஓர்லேயான், லியோன், ரூவான், தூலூஸ் என்று அக்டோபர் வரை ஊர் ஊராகப் பரவியது. ரோமில் நம் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நன்றிப் பாடல் பாடவைத்தார், பதக்கமும் அடித்தார். அவர் காதுக்குப் போன செய்தி மன்னனுக்கு எதிரான சதி முறியடிக்கப்பட்டது என்பதுதான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். அந்தப் பதக்கம் இன்னும் இருக்கிறது, கண்ணு.

நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் ஒரு சாவு மட்டும் மனதை விட்டு அகலுவதில்லை. பியேர் டி லா ராமே என்ற தத்துவப் பேராசிரியர். ஏழைப் பிள்ளையாகப் பாரிஸுக்கு வந்து, வேலைக்காரனாக இருந்துகொண்டே படித்து மேலே வந்தவர். மூன்றாம் நாள், சேன் ஜெனவியேவ் குன்றில் தன் கல்லூரி அறையிலேயே கொல்லப்பட்டார்.

இப்போது சொல். ஒரு கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் கொல்லப்பட்ட தேதி. அந்தத் தேதியில், ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கும் தன் பேரனுக்கும் கல்யாணம் என்றால் அந்தப் பாட்டி எழுந்து போகாமல் என்ன செய்வார்? உன்மேல் கோபம் இல்லை அவருக்கு.

இதற்கு முன்னும் பின்னும் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1559இல் மன்னன் இரண்டாம் ஹென்றி ஈட்டி விளையாட்டில் கண்ணில் சிராய் பாய்ந்து இறந்தான். பிள்ளைகள் சிறுவர்கள். அரியணையைச் சுற்றிப் பெரிய குடும்பங்கள் மோதின. மதம் அந்த மோதலுக்குக் கொடியானது. கொடி மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தில் ஆண்டவர் உண்மையாகவே இருக்கிறார் என்று நம்பியவனுக்கு, அதை மறுப்பவன் தன் ஊருக்கே கடவுளின் கோபத்தைக் கொண்டுவருகிறவன். சுரூபத்தை வணங்குவது பாவம் என்று நம்பியவனுக்கு, அதை உடைப்பது புண்ணியம். இரண்டு பக்கமும் மனதார நம்பினார்கள். அதனால்தான் 1562இல் வாசி என்ற சிறிய ஊரில், ஒரு களஞ்சியத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த புராட்டஸ்டன்டுகளை கத்தோலிக்கரான கீஸ் பிரபுவின் ஆட்கள் வெட்டியதில் தொடங்கிய போர், எட்டுப் போர்களாக 36 வருஷம் இழுத்தது. அதற்கு முன்பே மிஷெல் டி லோப்பித்தால் என்ற அமைச்சர் லூத்தரன், ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்), பாப்பரசன் ஆள் என்ற பெயர்களையெல்லாம் விட்டுவிடுவோம், கிறிஸ்தவன் என்ற பெயர் ஒன்றே போதும் என்று சபையில் கெஞ்சினார். நான் மிகவும் மதிக்கும் மனிதர். யாரும் கேட்கவில்லை.

நம்மவர்களும் செத்தார்கள். நீ போகிற வழியில் இருக்கும் நீம் நகரத்தில், 1567 செப்டம்பர் கடைசியில், புராட்டஸ்டன்டுகள் கத்தோலிக்கக் குருக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் பிடித்துக் கொன்று ஆயர் மாளிகைக் கிணற்றில் போட்டார்கள். எண்பது, நூறு பேர் இருக்கும். இது உனக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதிலுக்குப் பதிலாக இதை எடுத்து வைக்காதே. அவர்களே பேச்செடுத்தால் பேசு.

அந்த மாப்பிள்ளை ஹென்றியே பிறகு மன்னன் நான்காம் ஹென்றி ஆனார், கத்தோலிக்கராக மாறி, 1594இல் பாரிஸுக்குள் நுழைந்தார். 1598இல் நாந்த் நகரில் போட்ட அரசாணைதான் சண்டையை நிறுத்தியது. நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், இன்றைக்கும் அதன் முதல் இரண்டு பிரிவுகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். நடந்ததெல்லாம் நடக்காததுபோல அணைந்து போகட்டும், பழசைக் கிளறி ஒருவரையொருவர் ஏசக்கூடாது என்கிறது ஆணை. புராட்டஸ்டன்டுகளுக்குச் சில இடங்களில் வழிபாடு, வேலையில் சமத்துவம், இரு தரப்பு நீதிபதிகளும் உட்காரும் நீதிமன்றங்கள், காவலுக்குக் கோட்டை ஊர்கள். பாரிஸுக்குள் மட்டும் ஜெபிக்கக்கூடாது. பின்னாளில் அவர்கள் ஷாரான்தோன் வரை போய் வந்தார்கள். குறை உள்ள ஆணைதான். ஆனாலும் ஒத்துப்போகாத இருவர் ஒரே நாட்டில் இருக்கலாம் என்று ஒரு மன்னன் எழுதிக் கையெழுத்திட்டான். 1610இல் ஒரு வெறியன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

பாட்டியின் கதை இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஹென்றியின் பேரன் பதினான்காம் லூயி அந்த ஆணையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, 1685 அக்டோபரில் ஒரேயடியாக ரத்து செய்தான். அதற்கு முன்னாலேயே புராட்டஸ்டன்ட் வீடுகளில் குதிரைப்படை வீரர்களைக் குடிவைத்தார்கள். வீட்டுக்காரன் மதம் மாறினதாகக் கையெழுத்துப் போடும்வரை தின்று, உடைத்து, அடித்து, தூங்கவிடாமல் இருப்பார்கள். ரத்தான பிறகு போதகர்களுக்குப் 15 நாள் கெடு. மற்றவர்கள் நாட்டை விட்டு ஓடக்கூடாது. பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை. அப்படியும் சுமார் இரண்டு லட்சம் பேர் ஆம்ஸ்டர்டாம், லண்டன், பெர்லின் என்று ஓடினார்கள்.

ஓட முடியாதவர்கள் செவென் மலையில் இருந்தார்கள். கம்பளி சிக்கெடுப்பவர்கள், ஆட்டிடையர்கள். காட்டிலும் குகையிலும் கூடி ஜெபித்தார்கள். 1702 ஜூலையில் தங்கள் ஆட்களைச் சித்திரவதை செய்துவந்த ஒரு குருவைக் கொன்று கலகம் தொடங்கினார்கள். அவர்கள் தலைவர்களில் ஒருவனான ஜான் கவாலியே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருந்த இருபது சொச்சம் வயதுப் பையன். அடுத்த வருஷம் அரசன் படை நானூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களையும் குடியிருப்புகளையும் எரித்தது. நீ போகும் மலைக்கிராமம் அவற்றில் ஒன்றா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார். எக் மோர்த் கோட்டைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போகச் சொல். மரி துரான் என்ற பெண்ணை 1730இல் அங்கே அடைத்தார்கள். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. சொல்லவில்லை. 38 வருஷம் கழித்து வெளியே வந்தார்.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் கல்லறைகள் இருந்தால் திகைத்துப் போகாதே. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. 1787 வரை நம் குருவின் முன்னால் நடக்காத எந்தக் கல்யாணமும் சட்டப்படி கல்யாணம் இல்லை. பாட்டியின் முன்னோர்கள் காட்டில் ஒளிந்து ஒரு போதகர் முன்னால் கைபிடித்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் மனைவி இல்லை, பிறந்த பிள்ளைக்குச் சொத்தில்லை. பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கன்னியர் மடங்களில் வளர்த்ததும் உண்டு.

இதே லூயி மன்னன் கொடுத்த பணத்தில்தான் 1692இல் புதுச்சேரியில் சேசு சபையார் கோயில் எழுப்பினார்கள் என்று நம் கோயில் வரலாறு சொல்கிறது. நமக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த கப்பல் அந்த அரசனுடையது. எனக்கு என் விசுவாசத்தின்மேல் துளியும் வருத்தம் இல்லை. தினமும் பூசைக்குப் போகிறேன், போவேன். ஆனால் அந்த மலையில் "கத்தோலிக்கர்" என்ற சொல் எந்த நினைவோடு காதில் விழும் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன்: கல்யாணம் அவர்கள் ஆலயத்தில், அவர்கள் போதகர் முன்னால் நடக்கட்டும். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், அப்புறம் சரி என்றாள். நம் பங்குச் சாமியாரிடம் விசாரித்தேன். அதற்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும், நீ இருக்கும் பாரிஸ் பங்கிலேயே விண்ணப்பிக்கலாம், நம் குரு ஒருவரும் வந்து ஜெபிக்கலாம் என்றார்.

ஒன்றை மட்டும் மறைக்காதே. அனுமதி கொடுக்கும்போது, பிள்ளைகளுக்கு நம் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க உன்னால் முடிந்ததைச் செய்வதாக உன்னிடம் வாக்குக் கேட்பார்கள். மாப்பிள்ளையிடம் வாக்குக் கேட்க மாட்டார்கள், ஆனால் அவருக்குச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு அது. யாரோ சாமியார் வாயால் கேட்காமல், நீயே முதலில் அவரிடம் சொல். இருவரும் பேசி முடித்த பிறகு பாட்டியிடமும் சொல்லுங்கள். என்ன முடிவெடுத்தாலும் நாங்கள் உன் பக்கம்.

ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். திங்கள்கிழமை கோயில் அலுவலகத்தில் வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா