கோட்டின் மேல் ஏறிய நிழல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சித்திரக்கதையை ஒரு வாரமும் விட்டதில்லை. 14 வருடமாகக் காமிக்ஸ் பக்கங்களுக்கு வண்ணம் போடுவதுதான் என் பிழைப்பு. சென்ற வாரப் பக்கத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த இரவுக் காட்சியில், கிழவரின் கன்னக் குழியிலும் கழுத்தடியிலும் நெருக்கமாகக் கோடு இழுத்து ஓவியர் நிழலை முடித்தே கொடுத்துவிட்டார். அதற்கு மேல் ஏர்பிரஷ்ஷில், அதாவது நிறத்தைப் புகைபோலத் தூவும் கணினித் தூரிகையில், இன்னொரு நிழல் பூசியிருக்கிறார்கள். ஒட்டிய கன்னம் உப்பிவிட்டது. விளக்கு இடப்பக்கம் இருக்கிறது, மூக்கின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது!

திரையில் இது அழகாகத்தான் தெரிந்திருக்கும். செய்தித்தாள் மையை உறிஞ்சும் தாள். பரப்பில் 50 சதவீதத்தை மூடும்படி வைத்த மைப்புள்ளிகள் அச்சில் 70-ஐத் தாண்டிப் பருத்துவிடும். அதனால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் சதவீதங்களைக் கூட்டி வரும் தொகையை 240 சதவீதம் அளவில் நிறுத்துவது வழக்கம். ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறை) வைத்த கறுப்பைக் கடைசி நேரத்தில் சிஎம்ஒய்கேவுக்கு (அந்த நான்கு மை முறை) மாற்றினால் அது 300 வரை போகக்கூடும். கோடும் நான்கு மையில் அச்சாகும். ஒரு மையின் அச்சுத் தட்டு இம்மி நகர்ந்தால் போதும், கோட்டோரம் முழுக்க வண்ணக் கசிவு. முதல் வருடத்தில் நானே இப்படி எட்டுப் பக்கங்களைக் கெடுத்தேன். அந்த ஓவியரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

வழி எளிதுதான். கோடுகள் தனி லேயரில் (கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு), கறுப்பு மை மட்டும், ஓவர்பிரின்ட்டாக, அதாவது அடிவண்ணத்தின் மேலேயே அச்சாகும்படி இருக்கட்டும். அடியில் பிளாட்டிங்: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே வண்ணம், ஓரம் மழுங்காமல். ஓரத்தை மழுக்கும் ஆன்ட்டி அலயாசிங்கை அணைத்துவிட்டால் பிறகு ஒரே கிளிக்கில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் மேல் ஒரே ஒரு மல்டிப்ளை லேயர் (அடிவண்ணத்தை இருட்டாக்கும் அடுக்கு), ஒரே திசையில் கூர்மையான நிழல். நிழலுக்குச் சாம்பல் வேண்டாம், தோல் செத்துப்போகும். மங்கிய ஊதா நன்றாக நிற்கும். அப்புறம் பக்கத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஆளும் பின்னணியும் ஒன்றாகக் கலந்தால் அடிவண்ணத்தையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று. 1988-ல் ஆங்கிலத்தில் வரத் தொடங்கிய ‘அகிரா’ என்ற ஜப்பானியக் காமிக்ஸுக்குக் கணினியில் வண்ணம் போட்டவர் ஸ்டீவ் ஆலிஃப். 1992-ல் அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரில், வண்ணத்துக்கான முதல் விருது அவருக்குக் கிடைத்தது. உங்கள் பக்கத்திலோ கதை, ஓவியம் என்று இரண்டு பெயர்கள்தான். வண்ணம் போட்டவர் பெயரையும் போடுங்கள். ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்து, உங்கள் செய்தித்தாளிலேயே ஒரு சோதனைப் பிரதி எடுத்து அவர் கையில் கொடுங்கள். வானத்துக்கு அவர் வைத்த அந்தப் பச்சை கலந்த நீலம், எனக்குத் தோன்றியிருக்காத நிறம்.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வண்ணக்கலைஞர்