இதை யார் படிக்கப் போகிறார்கள்?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, நான் புள்ளியியல் நடத்தும் வகுப்புக்கு ஒரு வலைப்பூ ஆரம்பிக்கட்டுமா, இன்ஸ்டாகிராம் பக்கமா, இல்லை வாட்ஸப் குழுவே போதுமா?" என்றாய். "பார்த்துச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் சொல்லும் பதிலா அது? ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். வலைப்பூ நடத்த உதவும் பிளாக்கர் 1999லேயே வந்துவிட்டது, அதே வேலைக்கான வேர்ட்பிரஸ் 2003ல் வந்தது. அதெல்லாம் என் காதில் விழச் சில வருடம் ஆயிற்று. விழுந்ததும் வகுப்புக்கு ஒரே ஒரு வலைப்பூ திறந்தேன். அறுபது மாணவர்களும் அதில் வாரம் ஒரு பதிவு எழுத வேண்டும், மற்றவர்கள் பதிவில் இரண்டு பின்னூட்டம் போட வேண்டும், இரண்டுக்கும் மார்க் உண்டு என்று அறிவித்தேன். கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்குமேல் பதிவுகள் வந்து கொட்டும். அடுத்த அரை மணியில் பின்னூட்டங்கள். "நல்ல பதிவு", "அருமை தோழி", "நானும் இதையேதான் நினைத்தேன்". ஒரு பெண்ணின் பதிவு தவறுதலாக வெறும் தலைப்போடு வெளியாகிவிட்டது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. அதற்கும் ஒருவன் "ஆழமான கருத்துகள்" என்று எழுதியிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, அவனை அப்படி எழுதவைத்ததே நான்தான் என்று.

நீ புள்ளியியல்காரி, கணக்கை நீயே போட்டுப் பார். ஒரு பதிவு 400 சொல் என்றால் அறுபது பேருக்கு வாரம் 24,000 சொற்கள். முதல் மூன்று வாரம் எல்லாவற்றையும் படித்தேன். நான்காவது வாரம் மேலோட்டமாகப் பார்த்தேன். ஐந்தாவது வாரம் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று தலையை எண்ணியதோடு சரி. ஆசிரியர் படிக்கிறாரா இல்லையா என்பது மாணவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, தெரிந்துவிடும். ஆறாவது வாரத்தில் ஒருத்தி போன வாரப் பதிவையே தேதி மாற்றிப் போட்டிருந்தாள். நான் கண்டுபிடிக்கவில்லை. பல வருடம் கழித்து அவளே வந்து சொன்னாள்.

மூடிவிடலாம் என்று இருந்தபோதுதான் அந்தப் பின்னூட்டம் வந்தது. அச்சுத்தொழிலின் வரலாறு பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஈய எழுத்துகளை எடுத்துக் கோப்பவர்கள் வாக்கியத்தை நாம் படிப்பதுபோலவே பார்த்து அடுக்குவார்கள் என்று ஒரு வரி. அதன் கீழே யாரோ ஒரு பெரியவர், வாழ்நாளெல்லாம் அச்சுக்கோப்பு வேலை பார்த்தவராம், நிதானமாக எழுதியிருந்தார்: 'எழுத்து தலைகீழாக இருக்கும் அம்மா, இடமிருந்து வலமாக அப்படியே படிக்கப் பழகிக்கொள்வோம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதிலேதான் எல்லோரும் தடுமாறுவோம்.' அந்தப் பெண் அன்று வகுப்புக்கு வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பதிவைத் திருத்தினாள். அவரிடம் இன்னும் நான்கு கேள்வி கேட்டாள். அவர் பதில் எழுதினார். அடுத்த பதிவை அவள் கடைசி நாள் ராத்திரி எழுதவில்லை, மூன்று நாள் முன்னாலேயே போட்டுவிட்டாள். அதற்கு நான் ஒரு மார்க்கும் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

அதனால் எந்தக் கருவி என்று முடிவு செய்யும் முன்னால், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று உன்னையே கேட்டுக்கொள். படிக்க நீ மட்டும்தான் என்றால் தாளில் எழுதி வாங்கினால் போதும், அறுபது பாஸ்வேர்டு தொல்லை மிச்சம்.

2011ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ரெய்னால் ஜங்கோ என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் 125 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு பகுதியினர் பாடம் தொடர்பாக ட்விட்டர் பயன்படுத்தினார்கள், மற்றவர்கள் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியவர்களுக்கு ஈடுபாடும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. இதைக் காட்டி "பார்த்தீர்களா, ட்விட்டர் வேலை செய்கிறது" என்று அப்போது கூட்டங்களில் பேசினார்கள். ஆனால் அந்த ஆய்வில் ஆசிரியர்களும் மாணவர்களோடு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. கூடியதில் ட்விட்டரின் அன்றைய 140 எழுத்துப் பதிவுகளுக்கு எவ்வளவு பங்கு, பதில் சொல்ல ஆள் இருந்ததற்கு எவ்வளவு பங்கு? இதை உன் மாணவர்களிடமே கேள்வியாகக் கொடேன், நல்ல அசைன்மென்ட் ஆகும்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன். வாட்ஸப் குழு அறிவிப்புப் பலகை. வகுப்பு ரத்து, அறை மாற்றம், தேர்வுத் தேதி, அவ்வளவுக்குத்தான் லாயக்கு. அட்மின் மட்டும் அனுப்பும்படி வைத்துவிடு, இல்லையென்றால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் உன் தேர்வுத் தேதி காணாமல் போகும். இன்னொன்று, குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் போன் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். சில பெண்களுக்கு அது பெரிய சங்கடம். குழுவில் இல்லாதவர்களுக்கு அறிவிப்பு வேறு வழியில் கிடைக்க ஏற்பாடு செய். ராத்திரி பத்து மணிக்குமேல் வரும் சந்தேகங்களுக்குப் பதில் போடாதே. ஒரு நாள் போட்டால் தினமும் போட வேண்டியிருக்கும், சொல்லிவிட்டேன்.

இன்ஸ்டாகிராம் உன் பாடத்துக்கு முதலில் ஆசை காட்டும், வரைபடமெல்லாம் அழகாக நிற்கும். ஆனால் படத்துக்குக் கீழே எழுதும் வரிகளில் லிங்க் கொடுத்தால் பொதுவாகத் தொட்டுத் திறக்க முடியாது. 'இந்தத் தரவு எங்கிருந்து வந்தது?' என்று கேட்கப் பழக்க வேண்டிய பாடத்தில் மூலத்தைக் காட்ட முடியாத இடம் எதற்கு? அதோடு, பிள்ளைகள் நண்பர்களோடு கும்மாளம் போடும் இடம் அது. அங்கே ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஃபேஸ்புக்கிலும் அதே கதைதான். மாணவர்களுக்கு நட்பு அழைப்பு அனுப்பாதே. நீ மார்க் போடுகிறவள், மறுக்க அவர்களுக்குத் தைரியம் வராது.

என் ஓட்டு வலைப்பூவுக்கே. ஆனால் நான் செய்ததுபோல் எல்லோரையும் ஒரே வலைப்பூவில் அடைக்காதே. ஆளுக்கொன்று இருக்கட்டும். அவரவர் பதிவுகளை செய்தியோடை (புதுப் பதிவுகளைத் தானாகவே அனுப்பும் வசதி, RSS) வழியாக இழுத்து உன் வகுப்புப் பக்கத்தில் சேர்த்துக் காட்டு. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்ட நம் தமிழ்ப் பதிவர்கள் அந்தக் காலத்தில் திரட்டி என்று வைத்திருந்தார்களே, அதேதான். 2008ல் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீஃபன் டௌன்ஸ் என்ற இரண்டு கல்வியாளர்கள் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் நடத்திய இணையப் பாடம் இப்படித்தான் ஓடியது. பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர், வெளியிலிருந்து இலவசமாகச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். எழுத்து அவரவர் இடத்தில் இருந்தது, பாடம் அதைத் திரட்டிக் கொடுத்தது. அமெரிக்காவில் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்த டொமைன் பெயரும் (இணைய முகவரி) இணையத்தில் இடமும் கொடுத்தது. படிப்பு முடிந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

அந்தக் கதையையும் கேள். பழைய மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு நாள் மெயில். பத்தொன்பது வயதில் என் வகுப்புக்காக எழுதிய பதிவு ஒன்றில் தன் வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறான். இப்போது வேலை தேடுகிறான், அவன் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வருகிறது, எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தான். எனக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பதிவு செய்த பழைய கல்லூரி மெயிலும் செத்துவிட்டது. வலைப்பூவை நடத்தும் நிறுவனத்துக்கு நான்கு தடவை எழுதிய பிறகுதான் பதிவு போயிற்று. அதுவரை மூன்று வாரம் அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் கூசிப்போனேன். ஐரோப்பாவில் 2018ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தன்னைப் பற்றிய தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, உன் வகுப்பில் அந்த உரிமை இருக்கட்டும். புனைபெயரில் எழுத விடு. எந்தப் பெயர் யாருடையது என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். பொதுவில் எழுத விரும்பாதவர்கள் அதே பதிவைப் பூட்டு போட்டு எழுதட்டும், காரணம் கேட்காதே. மார்க்கைப் பற்றி மட்டும் பொதுவில் ஒரு வார்த்தை பேசாதே, பாராட்டாக இருந்தாலும்.

இலவச இடம் எதையும் நிரந்தரம் என்று நம்பாதே. வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013ல் போயிற்று, சமூக வலைத்தளப் பதிவுகளைக் கோத்துக் கொடுத்த ஸ்டோரிஃபை 2018ல், வகுப்பறைகளுக்கான எட்மோடோ தளம் 2022ல். ஒவ்வொன்றையும் நம்பி எத்தனையோ ஆசிரியர்கள் பாடத்தைக் கட்டியிருந்தார்கள். பருவம் முடியும்போது எல்லோரையும் தங்கள் பதிவுகளை ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்ளச் சொல். ஐந்து நிமிட வேலை.

படிக்கும் சுமைக்கு நான் பிற்பாடு கண்ட வழி இது. அறுபது பேரையும் ஆறு குழுவாகப் பிரித்தேன். வாரம் ஒரு குழு மட்டும் எழுதும், பத்துப் பதிவு, 4,000 சொல். உட்கார்ந்து படிக்கலாம், பதிலும் எழுதலாம். கட்டாயப் பின்னூட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, எழுதாத குழுக்கள் வகுப்பில் ஒரு பதிவை எடுத்து வாய்விட்டுக் கேள்வி கேட்க வேண்டும். உன் வகுப்பில் ஒவ்வொருவரும் செய்தியில் வந்த ஒரு வரைபடத்தைப் பிரித்துப் போடலாம். வரைபடத்தின் அச்சுக்கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா, எத்தனை பேரிடம் கேட்டார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று. வரைந்தவரே வந்து சண்டை போட்டாலும் போடுவார், அப்படி நடந்தால் உனக்கு யோகம்தான்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை எழுதவைத்து ஒட்டிவிட மாட்டார்களா என்று கேட்பாய். ஒட்டுவார்கள். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கிறது. முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் என்று வகுப்பில் நின்று சொல்லச் சொல். முழுத் தடுப்பு என்று சொல்ல மாட்டேன்.

முதல் பதிவை நீ எழுது. உனக்கே புரியாமல் போன ஏதாவது ஒரு கணக்கைப் பற்றி இருக்கட்டும். எழுதியதும் லிங்க் அனுப்பு, படிக்கிறேன். பின்னூட்டம் போட்டால் பெயர் சொல்லாமல் அனானியாகத்தான் போடுவேன், பயப்படாதே. ஆனால் தப்பு இருந்தால் விடமாட்டேன்.

அன்புடன்,
அம்மா